காசு நடந்த பாதை – 17: வயதை மறைத்த ரூபாய்

1873-ஆம் ஆண்டு தங்கசாலையிலிருந்து புத்தம் புதிதாக வெளியே வந்த வெள்ளி ரூபாயில் 1862 என்று ஆண்டு போட்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அடித்ததிலும் 1862. அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. முன்பக்கம் முடி சூடிய விக்டோரியா ராணி. பின்பக்கம் பூவேலைக்கு நடுவே மதிப்பும் நாட்டின் பெயரும் ஆண்டும். 1874 வரை அந்த ரூபாய்க்கு வயது ஏறவேயில்லை. அதற்கு முன்னால் புழங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாயும் இதே ரகம்தான். 1840 என்று ஆண்டு பொறித்த ரூபாயை இருபது வருஷத்துக்கு மேல் அடித்துத் தள்ளினார்கள்.

அச்சு மாற்றச் சோம்பலா என்றால் இல்லை. காசுக்கு வயது தெரிந்தால் அதன் மதிப்பைக் குறைக்க ஓர் ஆள் கடைவீதியில் காத்திருந்தான். சராப்பு என்ற அந்த நாணயமாற்று வணிகனைப் பற்றிச் சொல்லாமல் பழைய காசு எத்தனை நாள் புழங்கும் என்ற கேள்விக்குள் நுழைய முடியாது.

போன வாரம் கோவை வட்டாரத்துப் புதையல்களில் கிடைத்த ரோமாபுரி வெள்ளிக்காசுகளைப் பார்த்தோம். அகஸ்டஸ், திபேரியஸ் தலை போட்டவை குவியல் குவியலாக இருக்க, நீரோ கி.பி. 64-இல் வெள்ளியைக் குறைத்த பிறகு வந்தவை அரிதாக இருப்பதைக் கவனித்தோம். அந்தக் காலத்து நம்மூர் வணிகருக்குப் பழைய காசுதான் நல்ல காசு. பதினெட்டாம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழ். பழசாகப் பழசாகக் காசுக்கு மதிப்புக் குறைந்தது.

முகலாயர் காலத்து ரூபாயில் பாதுஷா பட்டத்துக்கு வந்து எத்தனையாவது ஆண்டு என்பதைப் பொறிப்பது வழக்கம். வங்காளத்தில் அடித்த அந்த ஆண்டிலேயே கைமாறும் ரூபாய்க்கு முழு மதிப்பு. ஓர் ஆண்டு கழிந்தால் 3 விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள். அதற்கடுத்த ஆண்டிலிருந்து 5 விழுக்காடு. இந்தப் பிடித்தத்துக்கு வட்டம் என்று பெயர். காசு தேய்ந்திருக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா என்பதெல்லாம் இரண்டாவது. ஆண்டு கடந்தால் வட்டம் உண்டு. வரி கட்டுகிற குடியானவன் கையிலிருந்த ரூபாய் புது ஆண்டு பிறந்த மறுநாளே இளைத்துப்போகும். அதைச் சராப்பிடம் கொடுத்துப் புது ரூபாய் வாங்கித்தான் கச்சேரியில் கட்ட வேண்டும். அந்தப் பழைய ரூபாயைத் தங்கசாலைக்கு அனுப்பிப் புது அச்சுப் போட்டுக்கொண்டு மறுபடியும் கடைவிரிப்பார் சராப்பு. காசின் ஆயுளைச் சுருக்குவதே ஒரு தொழிலாக நடந்தது. நான் படித்த வரையில், நாணய வரலாற்றில் இவ்வளவு நேர்த்தியாக நடந்த கொள்ளை வேறில்லை.

இதை முறிக்கக் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்த வழி எளிது. ஆண்டை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். வங்காளத்தில் ஷா ஆலம் பாதுஷாவின் 19-ஆவது ஆட்சியாண்டை உறையவைத்து, அதன்பிறகு அடித்த ரூபாயெல்லாம் பத்தொன்பதாவது ஆண்டு ரூபாய்தான் என்றார்கள். எல்லாக் காசும் ஒரே வயது என்றால் எதற்கு வட்டம் பிடிப்பது?

சென்னையிலும் அதே தந்திரம். இங்கே புழங்கியது ஆற்காட்டு ரூபாய். இரண்டாம் ஆலம்கீர் பாதுஷாவின் பெயரும் ஹிஜ்ரி 1172-உம் ஆட்சியாண்டு 6-உம் அதில் இருக்கும். ஹிஜ்ரி 1172 என்பது நம் கணக்கில் 1758-59. அந்த பாதுஷா 1759-இலேயே கொலையுண்டு போனார். கம்பெனியின் சென்னைத் தங்கசாலையோ பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்து, இயந்திரம் வைத்துக் காசடிக்கத் தொடங்கிய பிறகும், அவர் பெயரையும் அந்த ஆண்டையும் விடாமல் பொறித்துக்கொண்டிருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் தங்கள் பங்குக்குப் பிறைக்குறி போட்டு ஆற்காட்டு ரூபாய் அடித்தார்கள். ஆற்காட்டு நவாபுக்கு அதிகாரம் போய்விட்டது, டில்லி பாதுஷாவுக்குப் பார்வையே போய்விட்டது. பெயர் மட்டும் வெள்ளியில் பளபளத்துக்கொண்டிருந்தது.

ரூபாய் புழங்கினாலும், சென்னை மாகாணத்தின் கணக்குக்குள் அது வந்து சேர்ந்தது தாமதமாகத்தான். இங்கே கணக்கு வராகன், பணம், காசு என்றே நடந்தது. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். 1818-இல்தான் வெள்ளி ரூபாயே மாகாணத்தின் நாணயம் என்று அறிவித்து, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று வீதம் கட்டினார்கள். அந்தக் காசு வகையில் ஒரு கூட்டம் ஒருநாள்கூடப் புழங்கியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். 1808 என்று ஆண்டு போட்டு, பர்மிங்காமில் மாத்தியூ போல்ட்டனின் சோஹோ தங்கசாலையில் சென்னைக்காக அடித்த 10 காசு, 20 காசுச் செப்பு நாணயங்களை ஏற்றிக்கொண்டு 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் கிளம்பியது. 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அவற்றைக் கட்டிக் கட்டியாக எடுத்தார்கள். சென்னைக் கடைத்தெருவில் ஒரு கத்தரிக்காய்கூட வாங்கித் தராத அந்தக் காசுகள்தாம் இன்று சேகரிப்பாளர்களிடம் மிக நல்ல நிலையில் இருக்கின்றன.

ரூபாய்க்கு வருவோம். 1835-ஆம் ஆண்டின் 17-ஆம் எண் சட்டம் மூன்று மாகாணங்களுக்கும் ஒரே ரூபாய் என்றது. எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா. அதில் 165 கிரெயின் சுத்த வெள்ளி. பாதுஷா போய் நான்காம் வில்லியம் அரசரின் தலை வந்தது. இந்த எடையும் மாற்றும் 1940 வரை, நூறு ஆண்டுக்கு மேல், அசையவில்லை. நம் நாட்டில் பழைய காசு நீடித்துப் புழங்கியதற்கு முதல் காரணம் இதுதான். அரசர் மாறினார், ராணி வந்தார், ராணி பேரரசியானார், மகனும் பேரனும் வந்தார்கள். ஆனால் எந்தத் தலை போட்ட ரூபாயைத் தராசில் வைத்தாலும் தட்டு ஒரே மட்டம். எடை அவ்வளவு நம்பிக்கையாக இருந்ததால் ரூபாயே எடைக்கல்லாகவும் ஆயிற்று. மூன்று ரூபாய் எடை ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை. நாட்டு மருந்துக் கடையிலும் நகைக்கடையிலும் தராசின் ஒரு தட்டில் ரூபாயை அடுக்கிச் சரக்கு நிறுத்தார்கள். பத்து கிராம் வெள்ளி, எட்டு கிராம் பவுன் என்று பேசுகிற தலைமுறைக்கு 'ரூபாய் எடை' என்பது புரியாது. பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கை மாறும் காசு தேயாமல் இருக்குமா? தேயும். சட்டமும் அதற்கு இடம் விட்டிருந்தது. 1906-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, முறையான எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் குறையாதவரை ரூபாய் செல்லும். 180 கிரெயினில் 2 விழுக்காடு என்றால் 3.6 கிரெயின், கால் கிராமுக்கும் சற்றுக் குறைவு. அதற்கு மேல் தேய்ந்தால் கஜானாவில் அதை வெட்டிவிட அதிகாரம் உண்டு. நாள்பட்டுத் தானாய்த் தேய்ந்ததா, விளிம்பைச் சுரண்டி யாராவது வெள்ளி திருடினார்களா என்று பார்ப்பது கஜானா நோட்டக்காரரின் வேலை. வரிசையாய் உட்கார்ந்து, காசைக் கல்லில் சுண்டி ஓசை கேட்டு, விரல் நுனியால் விளிம்பைத் தடவி, சந்தேகமானதைத் தராசில் போட்டு ஒதுக்குவார்கள். கணீர் என்றால் உள்ளே. 'டப்' என்றால் வெளியே.

இப்படி ஒதுக்கியதைத் தவிர மற்றவை எவ்வளவு காலம் ஓடுகின்றன? இதை ஆங்கில அரசாங்கம் எண்ணிப் பார்த்தது. இந்த வாரக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்தக் கணக்கெடுப்புதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் தொடங்கி, ஆண்டுதோறும் நாடெங்கும் இருந்த கஜானாக்களில் மாதிரிக்கு ரூபாய்ப் பைகளை அவிழ்த்துக் கொட்டி, எந்த ஆண்டு பொறித்த ரூபாய் எத்தனை என்று பிரித்து எண்ணினார்கள். ஜனத்தொகைக் கணக்கு எடுக்கிற நாட்டில் ரூபாய்த் தொகைக் கணக்கும் எடுத்தார்கள். இங்கிலாந்தில் ஜெவன்ஸ் என்ற பொருளியல் அறிஞர் 1868-இல் சவரன் காசுகளை வைத்து இதே வேலையைச் செய்திருந்தார். ஒரு சவரன் சுமார் பதினெட்டு ஆண்டு கைமாறினால் சட்டபூர்வ எடைக்குக் கீழே போய்விடும் என்று அவர் கணித்தார். இந்தியாவில் அந்த முறையைக் கையிலெடுத்தவர் எஃப். சி. ஹாரிசன் என்ற அதிகாரி.

அவருடைய யுக்தி இப்படி: ஒரு குறிப்பிட்ட ஆண்டில் ஐந்து கோடி ரூபாய் அடித்ததாகத் தங்கசாலைக் கணக்கு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கஜானாப் பைகளில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் அந்த ஆண்டினது. அப்படியானால் புழக்கத்தில் மொத்தம் நூறு கோடி இருக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த ஐந்து எப்படி நான்காகவும் மூன்றாகவும் குறைகிறது என்று பார்த்தால், காசு எவ்வளவு வேகமாக மறைகிறது என்பதும் தெரியும். ஆண்டு உறைந்த 1840, 1862 ரூபாய்களை ஒரே கொத்தாகத்தான் எண்ண முடிந்தது. 1874-க்குப் பிறகு ரூபாயில் உண்மையான ஆண்டு போடத் தொடங்கியதால் கணக்கு தெளிவாயிற்று. சராப்புக்கு அஞ்சி மறைத்த வயதைப் புள்ளிவிவரக்காரருக்காகத் திறந்து காட்டினார்கள் என்றுகூடச் சொல்லலாம். அதற்குள் ஒரே ரூபாய், ஒரே எடை என்றாகி நாற்பது ஆண்டு ஓடிவிட்டது. சராப்புகளின் வட்டத் தொழிலும் ஒடுங்கிப்போயிருந்தது.

கெய்ன்ஸ் என்ற பொருளியல் அறிஞர் 1913-இல் இந்திய நாணயம் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தக் கணக்கெடுப்பைப் பேசுகிறார். கணக்கெடுப்பிலுள்ள ஓட்டை நம் பாட்டிமாருக்கே தெரிந்திருக்கும். கஜானாவுக்கு வந்து போகிற ரூபாய் வேறு, அடுக்குப்பானையிலும் நெற்குதிருக்கு அடியிலும் கிடக்கிற ரூபாய் வேறு. பானைக்குள் போனது தேய்வதும் இல்லை, எண்ணிக்கையில் சேர்வதும் இல்லை. ஒரு தலைமுறை கழித்துக் கல்யாணச் செலவுக்கு வெளியே வந்தால், 'செத்துவிட்டது' என்று கணக்கில் எழுதிய காசு உயிரோடு வந்து நிற்கும்.

வெள்ளி ரூபாயின் ஆயுளை உண்மையில் தீர்மானித்தது தேய்மானம் அல்ல, வெள்ளியின் விலை. 1893 ஜூனில் தங்கசாலைகளைப் பொதுமக்களின் வெள்ளிக்கு மூடினார்கள். அதுவரை வெள்ளிக்கட்டி கொண்டுபோனால் ரூபாயாக அடித்துத் தருவார்கள். மூடியபின் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைத்தது. ஆனால் அதற்குள் இருந்த வெள்ளி அவ்வளவு பெறவில்லை. உள்ளே இருப்பதைவிட முகத்தில் போட்டிருப்பது அதிகமானால் யார் உருக்குவார்கள்? காசுக்கு நீண்ட ஆயுள்.

முதல் உலகப்போர் இதைக் கவிழ்த்தது. லண்டனில் ஓர் அவுன்ஸ் வெள்ளி 43 பென்ஸைத் தொட்டால் ரூபாயின் வெள்ளியும் ரூபாயின் மதிப்பும் சமம். 1917-இல் விலை அந்தக் கோட்டைத் தாண்டியது. 1920 தொடக்கத்தில் 89 பென்ஸுக்கு மேலும் போயிற்று. உருக்கினால் லாபம். அரசாங்கம் ரூபாயை உருக்கக் கூடாது என்று தடை போட்டது. தடையால் ஆகாது என்று தெரிந்து 1917-இல் ஒரு ரூபாய் நோட்டையும், அதன்பின் இரண்டரை ரூபாய் நோட்டையும் அச்சடித்தது. அமெரிக்கா 1918-இல் பிட்மன் சட்டம் என்று ஒன்று இயற்றித் தன் கஜானாவிலிருந்த வெள்ளி டாலர்களை உருக்கி இந்தியாவுக்கு விற்றது. காகிதத்தை நம்பாத குடியானவன் நோட்டைக் கொண்டுவந்து வெள்ளி கேட்டபோது இல்லையென்று சொல்லாமல் இருக்க இத்தனை பாடு!

இரண்டாவது போரில் அந்தச் சிரமத்தை இன்னொரு முறை பட அரசாங்கம் தயாராக இல்லை. 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் மக்கள் நோட்டைக் கொடுத்து ரூபாய் வாங்கிப் பதுக்கத் தொடங்கினார்கள். தேவைக்கு மேல் நாணயம் வைத்திருப்பதே குற்றம் என்றாயிற்று. ஒரு ரூபாய் நோட்டு மறுபடி வந்தது. வெள்ளியைப் பாதியாகக் குறைத்து, மீதிக்குச் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த புது ரூபாய் வந்தது. கள்ளக்காசு அடிப்பவனைத் தடுக்க அதன் விளிம்பில் தனியாக ஒரு வேலைப்பாடும் வைத்தார்கள். நல்ல வெள்ளியும் பாதி வெள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் புழங்கினால் நல்லது பானைக்குள் போகும் என்பது தெரிந்த சங்கதிதானே. எனவே பழைய ரூபாய்களை வரிசையாகச் செல்லாதவை ஆக்கினார்கள். 1941-இல் விக்டோரியா தலை போட்டது, 1942-இல் ஏழாம் எட்வர்ட் தலை போட்டது, 1943-இல் ஜார்ஜ்களின் நல்ல வெள்ளி ரூபாய். 1901-இல் கடைசியாக அடித்த விக்டோரியா ரூபாய்க்கு அப்போது நாற்பது வயது. அறுபது, எழுபது வயதானவையும் அதே கூட்டத்தில் இருந்தன.

போர் முடியும் தறுவாயில் பாதி வெள்ளிக்கும் பஞ்சம். அமெரிக்காவிடம் 22 கோடி அவுன்ஸுக்கு மேல் வெள்ளி கடன் வாங்கினார்கள். 1946, 1947-இல் வந்த நாணயங்களில் வெள்ளி அறவே கிடையாது. சுத்த நிக்கல், பின்பக்கம் புலி. கடனை அடைக்கப் புழக்கத்திலிருந்த பாதி வெள்ளி ரூபாய்களைத் திரும்பப் பெற்று, கல்கத்தா அலிப்பூரில் உருக்கி, வெள்ளியைப் பிரித்து 1950-களில் அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். ஆகவே பாதி வெள்ளி ரூபாய்க்குப் பதினைந்து ஆண்டுகூட ஆயுள் இல்லை. அதற்கு முந்தைய முழு வெள்ளி ரூபாய் இன்றும் காசுமாலையில் தொங்குகிறது.

செம்புக்கும் அதே கதிதான். போர்க்காலத்தில் செம்பு மிச்சம் பிடிக்கக் காலணாவின் நடுவில் துளை போட்டார்கள். 1943 முதல் 1947 வரை அடித்த அந்த ஓட்டைக் காலணாவை அரைஞாண் கயிற்றில் கோத்துப் பிள்ளைகளின் இடுப்பில் கட்டியவர்கள் உண்டு. போல்ட்டு நட்டுக்கு வாஷராகப் போட்டவர்களும் உண்டு.

1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தது. அணாக்காசு அன்றைக்கே சாகவில்லை. இரண்டும் ஒரே கல்லாவில் கிடந்தன. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா என்பது கணக்கு. காலுக்குக் காசு ஏது? எனவே அரசு ஒரு பட்டியல் போட்டது. ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. இதில் ஒரு வேடிக்கை: ஓரணாச் சாமானை நாலு தடவை தனித்தனியாக வாங்கி, ஒவ்வொரு முறையும் 6 நயா பைசா கொடுத்தால் 24-இல் முடியும். நாலையும் ஒன்றாக வாங்கினால் 25. அந்த ஒரு பைசாவுக்காகக் கடைவாசலில் நடந்த வாக்குவாதங்களுக்குக் கணக்கில்லை.

இந்த மாற்றத்தில் எந்தக் காசு பிழைத்தது, எது போயிற்று என்று பார்ப்பது சுவையானது. ஓரணாவும் இரண்டணாவும் புதுக்கணக்கில் பொருந்தவில்லை, மெல்ல ஒதுங்கின. நாலணாவும் எட்டணாவும் 25, 50 என்று கச்சிதமாக உட்கார்ந்தன, தொடர்ந்து புழங்கின. காசே போன பிறகும் 25 பைசாவை நாலணா என்றும் 50 பைசாவை எட்டணா என்றும்தான் தமிழ்நாடு கூப்பிட்டது. இங்கிலாந்திலும் இதுவே நடந்தது. 1971 பிப்ரவரி 15-இல் அங்கே தசமக் கணக்கு வந்தபோது பழைய பென்னி சீக்கிரமே மறைந்தது. ஐந்து புதுப் பென்ஸுக்குச் சமமான பழைய ஷில்லிங் 1990 கடைசி வரையிலும், பத்துப் பென்ஸுக்குச் சமமான ஃபுளோரின் 1993 ஜூன் வரையிலும் செல்லுபடியாயின. புதுக் கணக்கில் வகுபடுகிற பழைய காசு பிழைத்துக்கொள்கிறது.

நயா பைசாவில் 'நயா' 1964 ஜூன் 1-இல் உதிர்ந்தது. அறுபதுகளில் அலுமினியம் வந்தது; சதுரம், அறுகோணம், வளைவிளிம்பு என்று கையில் எடுத்தால் கனமே தெரியாத காசுகள். சொல்லிக்கொள்ள அதிகமில்லை, விலைவாசி ஏற ஏற ஒவ்வொன்றாக ஓரங்கட்டப்பட்டன. 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் சட்டப்படி செல்லாதவையாயின. காண்டாமிருகம் போட்ட 25 பைசா அன்று அதிகாரபூர்வமாகச் செத்தது. கடைக்காரர்கள் அதை வாங்குவதை அதற்குப் பல ஆண்டு முன்பே நிறுத்திவிட்டார்கள் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

சட்டத்தின் தேதிக்கும் கல்லாப்பெட்டியின் தேதிக்கும் உள்ள இந்த இடைவெளியை இரு பக்கமும் பார்க்கலாம். 50 பைசா இன்றும் செல்லும் நாணயம். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி பத்து ரூபாய் வரை 50 பைசாவாகவே கொடுக்கலாம். கொடுத்துப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பத்து ரூபாய் நாணயத்தின் பாடு இன்னும் பரிதாபம். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, அதுவரை வெளியிட்ட 14 வடிவமும் செல்லும் என்று பட்டியலிட்டே சொன்னது. அதன் பிறகும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பேருந்திலும் மளிகைக் கடையிலும் 'இது வேண்டாம், நோட்டு கொடுங்க' என்றுதான் சொன்னார்கள். கோடுகள் பத்தா பதினைந்தா, ரூபாய்க் குறி இருக்கிறதா இல்லையா என்று ஆளாளுக்கு ஓர் ஆராய்ச்சி. பதினெட்டாம் நூற்றாண்டுச் சராப்பு ஆண்டைப் பார்த்து ஒதுக்கினான். இவர்கள் கோட்டை எண்ணி ஒதுக்குகிறார்கள். என் கட்சி இங்கே ரிசர்வ் வங்கிப் பக்கம்தான்.

நோட்டின் கதை சுருக்கமானது, ஏனென்றால் அதன் ஆயுளே சுருக்கம். நம் நோட்டு பருத்தி இழைக் காகிதம். மடிப்பில் இற்றுப்போகும், வியர்வையில் ஊறும், மீன்கடை ஈரத்தில் நைந்துபோகும். இதெல்லாம் போதாதென்று நாமே கட்டுக்கட்டாக ஸ்டேப்பிளர் முள்ளால் தைத்தோம். புது நோட்டுக் கட்டைப் பிரிக்க வங்கிக் காசாளர் ஒரு திருப்புளியை விட்டு முள்ளை நெம்பி எடுத்ததும், இடது ஓரத்தில் கந்தலாய் நாலு துளையோடு நோட்டு கைக்கு வந்ததும் நடுத்தர வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 2001-இல் ரிசர்வ் வங்கி அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லிக் காகிதப் பட்டையால் கட்டச் சொன்னது. 2023 மே 19-இல் 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது, அவற்றில் சுமார் 89 விழுக்காடு 2017 மார்ச்சுக்கு முன் வெளியிட்டவை, அவற்றின் மதிப்பிட்ட ஆயுளான நான்கைந்து ஆண்டு முடியும் கட்டத்தில் உள்ளன என்று ரிசர்வ் வங்கியே காரணம் சொன்னது. விக்டோரியா ரூபாயின் நாற்பதும் எழுபதும் எங்கே, இந்த நான்கைந்து எங்கே!

நோட்டு வகையில் ஒரு விதிவிலக்கு ஒரு ரூபாய் நோட்டு. 1994-இல் அச்சடிப்பதை நிறுத்தி, 2015-இல் மறுபடி வெளியிட்டார்கள். அதில் ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்து இராது. நிதித்துறைச் செயலர் கையெழுத்திடுவார். 1940-இல் வெள்ளித் தட்டுப்பாட்டில் பிறந்த வழக்கம் அது. சட்டத்தின் கண்ணில் அது நோட்டே அல்ல. ரூபாய் நாணயத்துக்குச் சமம்.

பழைய நாணயத்துக்கு லட்ச லட்சமாகத் தருவதாகக் கைப்பேசியில் வரும் விளம்பரங்களைப் பற்றிப் பல வாசகர்கள் எழுதிக் கேட்கிறீர்கள். நம்பாதீர்கள். தங்கள் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. முன்பணம், பதிவுக் கட்டணம், வரி என்று எது கேட்டாலும் அது ஏமாற்று. வீட்டில் 1862 என்று ஆண்டு பொறித்த ரூபாய் இருந்தால் அதைப் புளி போட்டு விளக்க வேண்டாம். விளக்கிய காசைச் சேகரிப்பாளர்கள் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஆண்டின் கீழேயும் பூவேலைக்கு உள்ளேயும் சிறு புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆண்டை மாற்றாமல் அடித்த காலத்தில் பம்பாய்த் தங்கசாலை அந்தப் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போனது. எந்த ஆண்டில் அடித்தது என்பதை நாணயவியலாளர்கள் அவற்றை எண்ணித்தான் கணிக்கிறார்கள்.

அடுத்த வாரம் புதுக்கோட்டை அம்மன் காசு.

(தொடரும்)